பலூனில் தொடங்கிய பயணம்: எம்.ஆர்.எஃப். நிறுவனர் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை

நம் கல்லங்குறிச்சி வட்டாரத்தில் வாழ்வோருக்கு லாரியைப் பற்றி எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலிருந்து அரியலூர்ப் பகுதியின் சிமெண்டு ஆலைகளுக்குக் கல் சுமந்து செல்லும் லாரிகளின் புழுதிக்கும் இரைச்சலுக்கும் இடையேதான் நம் பிள்ளைகள் வளர்கின்றனர். அந்த லாரிகளின் சக்கரங்கள் பலவற்றில் நாம் நாள்தோறும் காணும் மூன்று ஆங்கில எழுத்துகள் உண்டு. எம்.ஆர்.எஃப். என்பது மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி என்ற பெயரின் சுருக்கம். அண்டை மாவட்டமாம் பெரம்பலூரின் நாரணமங்கலத்தில் இந்நிறுவனத்தின் பெரிய டயர் ஆலை ஒன்று இயங்குவதால் இப்பெயர் நமக்கு இன்னும் நெருக்கமாகிவிட்டது. எனினும், இதனைத் தோற்றுவித்தவர் யார், எந்த நிலையிலிருந்து தோற்றுவித்தார் என்பதை நம்மில் அறிந்தோர் சிலரே. தொழில் செய்ய விழையும் நம் இளைஞர்கள் அவசியம் அறிய வேண்டிய வாழ்க்கை என்பதால் அதனை இம்மலரில் சற்று விரிவாகவே தருகின்றோம்.

அன்னாரின் பெயர் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை. தமிழில் மாப்பிள்ளை என்றால் மணமகனும் மருமகனும் நம் நினைவுக்கு வருவர். கேரளத்தில் அது ஒரு மரியாதைப் பட்டம். மலபார் முஸ்லிம்கள் மாப்பிள்ளைமார் என்று வழங்கப்படுவதை நாம் அறிவோம். அதே சொல் திருவிதாங்கூரின் சிரியன் கிறிஸ்தவர்களுக்கும் உரியதாக இருந்தது. இரு சமூகத்தாரும் ஒரே பட்டத்தைத் தாங்கி நெடுங்காலம் வணிகத்தில் ஈடுபட்டிருந்தனர் என்பது நமக்குச் சுவையான செய்தியன்றோ! மாம்மன் மாப்பிள்ளை இவ்வகையில் சிரியன் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் 1922ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் பிறந்தார். பெற்றோரின் ஒன்பது மக்களுள் இளையவர்களில் ஒருவர்.

தந்தையார் கே.சி. மாம்மன் மாப்பிள்ளை அக்காலத் திருவிதாங்கூரில் பெரும் செல்வாக்குடன் விளங்கியவர். மலையாள மனோரமா நாளிதழின் ஆசிரியர், வங்கியாளர், ரப்பர்த் தோட்டத் தொழில் வெள்ளையர் கையில் இருந்த நாளில் இந்தியரும் ரப்பர் பயிரிட முன்வர வேண்டுமென ஊக்கமளித்தவர்களுள் ஒருவர். அவர் நடத்திய திருவிதாங்கூர் நேஷனல் வங்கியும் கொல்லத்தைச் சேர்ந்த குயிலான் வங்கியும் 1937ஆம் ஆண்டில் ஒன்றாக இணைந்தன. தென்னிந்தியாவின் பெரிய வங்கிகளுள் ஒன்றாக அது எண்ணப்பட்டது. ஆனால், அந்தப் பெருமை ஓராண்டுக்கு மேல் நீடிக்கவில்லை.

திருவிதாங்கூரில் அப்போது திவானாக இருந்தவர் சர் சி.பி. ராமசாமி ஐயர். பொறுப்பாட்சி வேண்டுமெனக் கோரி எழுந்த இயக்கத்திற்கு மனோரமா இதழ் துணைநின்றது. திவானின் சினம் இதழின் மீதும், இதழை நடத்திய குடும்பத்தின் மீதும் திரும்பியது. 1938ஆம் ஆண்டில் வங்கி வீழ்ந்தது. அதே ஆண்டில் மனோரமா அலுவலகம் அரசால் முத்திரையிடப்பட்டது. தந்தையார் கைது செய்யப்பட்டுச் சிறை சென்றார். சொத்துகள் பறிபோயின. வங்கியின் வீழ்ச்சிக்கு அரசியல் பகையே காரணம் என்று குடும்பத்தாரும் வேறு பலரும் உறுதியாகக் கூறி வந்தனர். நிர்வாகத்தில் இருந்த குறைகளைச் சுட்டுவோரும் உண்டு. அவ்வழக்கை இங்கே தீர்ப்பது நம் வேலையன்று. வங்கியில் சிறுகச் சிறுகச் சேர்த்துவைத்த எளிய மக்களும் இதனால் பாதிப்புற்றனர் என்பதை மட்டும் நாம் மறந்துவிடலாகாது. பணம் போனதைவிட, நாட்டாரின் நம்பிக்கைக்கு உரியதாயிருந்த குடும்பத்தின் பெயர் போனதே அவர்களுக்குப் பெரிய இழப்பாயிருந்திருக்க வேண்டும்.

இவையெல்லாம் நிகழ்ந்தபோது நம் வரலாற்று நாயகருக்கு வயது பதினைந்து. செல்வர் வீட்டுப் பிள்ளையாக வளர்ந்தவர், பின்னர்த் தாம்பரம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கையில் காசின்றிப் படித்தார். கல்லூரியின் செயின்ட் தாமஸ் விடுதியில் தரையில் படுத்துறங்கிய நாள்கள் அவை. தந்தையார் 1941இல் சிறையிலிருந்து வெளிவந்தார். இதழ் மீண்டும் வெளிவருவதற்கோ நாடு விடுதலை பெறும்வரை, அதாவது 1947ஆம் ஆண்டு இறுதிவரை, காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆகவே, படிப்பு முடித்து வாழ்க்கையைத் தொடங்கும் வேளையில் அவருக்குத் தந்தை வழி வந்த முதலாக ஏதுமில்லை.

1946ஆம் ஆண்டில் சென்னையின் வடகோடியில் உள்ள திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் அவர் தொழில் தொடங்கினார். என்ன தொழில்? குழந்தைகள் ஊதி விளையாடும் பலூன். இயந்திரங்கள் என்று சொல்லத்தக்கவை அங்கே இல்லை. துணைவியார் குஞ்ஞம்மாவும் அவருடன் வேலையில் பங்குகொண்டார். பலூன் செய்வது எவ்வாறு என்பதை இங்கே சொல்லிவிடுவது நன்று. மரத்திலிருந்து வடியும் ரப்பர் பால் விரைவில் உறைந்து கெட்டுவிடும் தன்மையது. அம்மோனியா சேர்த்தே அதனைப் பாதுகாக்கின்றனர். சாயமும் கந்தகமும் பிறவும் கலந்த அந்தப் பாலில் பலூன் வடிவ அச்சுகளைத் தோய்த்தெடுப்பர். அச்சின் மேல் படியும் மெல்லிய ஏட்டை உலர்த்தி, வாயை உருட்டி, சூட்டில் பதப்படுத்தி, பொடி தூவி உரித்தெடுக்க வேண்டும். பாலில் சிறு குமிழி இருந்தாலும் ஊதும்போது பலூன் வெடித்துவிடும். பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வேலையில் ரப்பரின் குணம் முழுவதும் அடங்கியிருக்கிறது. எவ்வளவு கந்தகம், எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்ற கணக்குத் தவறினால் சரக்கு அனைத்தும் வீணாகும்.

செய்த பலூன்களை விற்றவரும் அவரே. பையில் நிரப்பிக்கொண்டு சென்னைத் தெருக்களில் கடை கடையாக ஏறி இறங்கினார். பட்டம் பெற்றவர், பத்திரிகை ஆசிரியரின் மகன், தோளில் பையுடன் பலூன் விற்கிறாரே என்று அக்காலத்தில் ஏளனமாய்ப் பார்த்தோர் இல்லாமலா இருந்திருப்பர்? படித்த படிப்புக்கேற்ற வேலை கிட்டும்வரை வீட்டிலிருப்பதே கௌரவம் என்ற எண்ணம் நம்மவர் வீடுகள் சிலவற்றில் இன்றும் இருப்பதைக் காண்கிறோம். அதனால்தான் இப்பகுதியைச் சற்று அழுத்தியே எழுதுகின்றோம்.

மூன்றாண்டுகளில், அதாவது 1949ஆம் ஆண்டில், சென்னையின் வணிகப் பகுதியான தம்பு செட்டித் தெருவில் நிறுவனத்திற்கு ஓர் அலுவலகம் அமைந்தது. ரப்பர் பொம்மைகள், கையுறைகள் முதலிய பொருள்களும் பலூனுடன் சேர்ந்தன. இந்த அளவில் நின்றிருந்தால் சென்னையின் எத்தனையோ சிறு தொழில்களுள் ஒன்றாக அது இருந்திருக்கும். நாமும் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டோம்.

திருப்பம் 1952ஆம் ஆண்டில் வந்தது. உறவினர் ஒருவர் பழைய டயர்களுக்கு ரீட்ரெடிங் செய்யும் கூடம் நடத்தி வந்தார். தேய்ந்துபோன டயரின் மேற்பரப்பைச் சுரண்டியெடுத்து, அதன்மேல் புதிய ரப்பர்ப் பட்டையை ஒட்டி, அச்சிலிட்டு வேகவைத்து மீண்டும் ஓட்டத்திற்கு ஏற்றதாக்குவதே ரீட்ரெடிங். லாரித் தொழிலில் இருப்போர் இதன் அருமையை அறிவர். புது டயரின் விலையில் ஒரு பகுதியைச் செலவிட்டால் மீண்டும் பல ஆயிரம் மைல் ஓடலாம். இதற்கு வேண்டிய டிரெட் ரப்பரை அயல்நாட்டு நிறுவனமொன்று அந்தக் கூடத்திற்கு விற்று வந்ததை மாம்மன் மாப்பிள்ளை கவனித்தார். ரப்பர் விளைவது திருவிதாங்கூரில். தேய்வது இந்தியச் சாலையில். இடையில் உள்ள வேலையை மட்டும் வெளிநாட்டார் ஏன் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. கையிலிருந்ததை அதில் முதலிட்டார்.

பலூனுக்கும் டிரெட் ரப்பருக்கும் இடையே உள்ள தூரம் சிறிதன்று. பலூன் பாலிலிருந்து நேரே பிறப்பது. டிரெட் ரப்பருக்கோ காய்ந்த ரப்பர்த் தாள்களை உருளைகளுக்கிடையே பிசைந்து, கரித்தூளும் கந்தகமும் துத்தநாக ஆக்சைடும் சேர்த்துக் கலவையாக்க வேண்டும். கரித்தூள் சேராத ரப்பர் சாலையில் விரைவில் தேய்ந்துபோகும். கந்தகம் சரியாகக் கலவாவிடில் நாளடைவில் மேற்பரப்பில் வெண்பூச்சாகப் பூத்து, பழைய டயருடன் ஒட்டாது நிற்கும். இவ்வாறு பூக்காத, அடிப்புறத்தில் ஒட்டுதலுக்கென மென்மையான தனி ரப்பர் ஏடு கொண்ட, இயந்திரத்தில் பிதுக்கி வார்த்த உயர்தரப் பட்டையை இந்தியருக்குச் சொந்தமான ஆலைகளில் எம்.ஆர்.எஃப். ஒன்றே அன்று தயாரித்தது. அயல்நாட்டுச் சரக்குக்கு ஈடான தரம் வந்ததும் சந்தை தானே திரும்பியது. 1956ஆம் ஆண்டு முடிவில் இந்தியாவில் விற்ற டிரெட் ரப்பரில் பாதி எம்.ஆர்.எஃப். உடையதாயிருந்தது. பன்னாட்டு நிறுவனங்கள் அத்தொழிலிலிருந்து விலகிக்கொண்டன. பலூன் விற்றுத் தொடங்கிய பத்து ஆண்டுகளுக்குள் நடந்தது இது. தந்தையார் இதைக் காண இல்லை. 1953ஆம் ஆண்டின் கடைசி நாளன்று அவர் காலமாகியிருந்தார்.

டிரெட் ரப்பர் செய்தவருக்கு அடுத்த படி டயர். ஆனால், டயர்த் தொழில் அன்று டன்லப், ஃபயர்ஸ்டோன் போன்ற வெளிநாட்டுப் பெருநிறுவனங்களின் கோட்டையாயிருந்தது. தொழில்நுட்பம் அவர்களிடம், பணம் அவர்களிடம், லாரி உரிமையாளரின் நம்பிக்கையும் அவர்களிடமே. இந்தியர் ஒருவர் அதில் நுழைய வேண்டுமெனில் நுட்பம் தருவோரைத் தேடியாக வேண்டும். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலிருந்த மேன்ஸ்ஃபீல்ட் டயர் நிறுவனம் இசைந்தது. 1960ஆம் ஆண்டில் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிவு பெற்ற எம்.ஆர்.எஃப்., அடுத்த ஆண்டில் பொதுமக்களும் பங்கு பெறும் நிறுவனமாயிற்று. அதே 1961ஆம் ஆண்டின் நவம்பரில் திருவொற்றியூரில் முதல் டயர் வெளிவந்தது.

அதன் பின்னர் வந்த ஆண்டுகள் எளிதாயிருக்கவில்லை. அமெரிக்கச் சாலைகளுக்காக வகுத்த டயர், இந்தியச் சாலைகளுக்கு ஒத்துவரவில்லை. இதன் காரணத்தை நம் வட்டாரத்தார்க்கு விளக்குவது மிக எளிது. குண்டும் குழியுமான பாதையில், கடும் வெயிலில், அனுமதித்த அளவுக்கு மேல் பாரம் ஏற்றிச் செல்லும் லாரியின் டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி விரிகிறது. அதனால் உள்ளே சூடேறுகிறது. சூடேறினால் உள்ளிருக்கும் நூலடுக்குகளும் ரப்பரும் பிரிகின்றன. பிறகு டயர் வெடிக்கும். இதற்குத் தீர்வு ஒஹையோவிலிருந்து வராது என்பதை நிறுவனம் உணர்ந்தது. 1963ஆம் ஆண்டில் திருவொற்றியூரில் ரப்பர் ஆராய்ச்சி மையத்திற்குப் பிரதமர் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். இரவல் நுட்பத்தை நம்பியிராமல் தம் கூடத்திலேயே ஆராய்ந்து அறிவது என்ற அந்த முடிவைத்தான் அவருடைய வாழ்வின் முதன்மையான முடிவாக நாம் கருதுகின்றோம். டயர் ஆலை தொடங்கி ஈராண்டே ஆன நிறுவனத்திற்கு அது துணிச்சலான செலவு.

நம்பிக்கையைப் பெறுவது அடுத்த சிக்கல். 1964ஆம் ஆண்டில் விளம்பரத் துறையில் புகழ்பெற்ற அலீக் பதம்ஸீ, டயர் என்றால் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று லாரி ஓட்டுநர்களிடமே சென்று கேட்டறிந்தார். அவர்கள் கேட்டது வலிமை ஒன்றையே. இரு கைகளாலும் டயரைத் தலைக்குமேல் தூக்கி நிற்கும் பலசாலியின் உருவம் அவ்வாறு பிறந்தது. எழுத்தறியாத ஓட்டுநரும் கிளீனரும்கூடப் பார்த்த மாத்திரத்தில் அறிந்துகொள்ளும் சின்னம் அது. நம் பேருந்து நிலையங்களின் ஓரங்களில் பஞ்சர் கடைகளின் தகரப் பலகைகளில் அவ்வுருவத்தைக் கண்டிராதோர் யார்?

அதே 1964ஆம் ஆண்டில் லெபனானின் பெய்ரூத் நகரில் நிறுவனத்தின் வெளிநாட்டு அலுவலகம் திறக்கப்பட்டது. அரபு நாடுகளுக்குப் பிழைப்புத் தேடி நம்மவர் பெருந்திரளாகச் செல்லத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே சென்னையில் செய்த டயர் அங்கே விலைபோகத் தொடங்கியிருந்தது என்பது வியப்புக்குரியது. 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்கே டயர் ஏற்றுமதி செய்த முதல் இந்திய நிறுவனம் என்ற பெயரையும் எம்.ஆர்.எஃப். பெற்றது. டயர் நுட்பத்தை எந்த நாட்டிடம் கற்றதோ, அந்த நாட்டுக்கே ஆறு ஆண்டுகளில் டயர் விற்றது.

1970களின் முற்பாதியில் கோட்டயம், கோவா, அரக்கோணம் ஆகிய இடங்களில் ஆலைகள் எழுந்தன. கோட்டயத்தைப் பற்றி ஒரு சொல். குடும்பத்தின் பெயர் எந்த ஊரில் வீழ்ந்ததோ, அதே ஊரில் ஆயிரக்கணக்கானோருக்குக் கூலி தரும் ஆலையை அவர் அமைத்தார். அவர் எதை நினைத்துச் செய்தார் என்பதை நாம் ஊகிக்க வேண்டியதில்லை; ரப்பர் விளையும் பகுதியில் ரப்பர் ஆலை அமைவது வணிகக் கணக்குக்கும் பொருந்துவதே.

நைலான் இழையின் வரவைப் பற்றியும் கூற வேண்டும். பழைய டயர்களில் உள்ளிருக்கும் அடுக்குகளுக்குப் பருத்தி நூலும் பின்னர் ரேயானும் பயன்பட்டன. நைலானோ பிளாஸ்டிக் இனத்தைச் சேர்ந்த செயற்கைப் பொருள்; உருக்கி நூலாக இழுக்கப்படுவது; அதிர்ச்சியையும் ஈரத்தையும் நன்கு தாங்குவது. பாரமும் பள்ளமும் மிகுந்த நம் சாலைகளுக்கு அதுவே ஏற்றதாயிற்று. 1973ஆம் ஆண்டில் நைலான் டயரை வணிக அளவில் தயாரித்த முன்னோடிகளுள் எம்.ஆர்.எஃப். ஒன்றாயிற்று. 1978ஆம் ஆண்டில் வந்த சூப்பர்லக் 78 என்ற லாரி டயர், நாட்டில் மிகுதியாக விற்ற டயர்களில் ஒன்றாகப் பின்னர் விளங்கியது. பழைய லாரி உரிமையாளர்களிடம் இப்பெயரைச் சொன்னால் அவர்கள் முகம் மலர்வதைக் காணலாம். இதே காலத்தில் நுட்பம் தந்த மேன்ஸ்ஃபீல்ட் நிறுவனம் அமெரிக்காவில் தளர்ந்து மூடப்பட்டது. 1979இல் அதன் தொடர்பு முடிந்தது. இங்கே நிறுவனம் எம்.ஆர்.எஃப். லிமிடெட் எனப் பெயர் கொண்டது. ஆசிரியர் மறைந்த பின்னும் மாணவர் நிலைத்து நின்றதற்குத் திருவொற்றியூர் ஆராய்ச்சிக் கூடமே காரணம் என்பது நம் எண்ணம்.

1980களில் மாருதி 800 கார் வந்தபோது அதற்கும் எம்.ஆர்.எஃப். டயர் பொருத்தப்பட்டது. அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில் இந்திய டயர் நிறுவனங்களுள் அது முதலிடத்தை அடைந்தது. 1987ஆம் ஆண்டில் இரு புதிய முயற்சிகள் பிறந்தன. ஒன்று, ஆஸ்திரேலிய வீரர் டென்னிஸ் லில்லியைக் கொண்டு சென்னையில் தொடங்கிய வேகப்பந்து வீச்சாளர் பயிற்சி மையம். புதல்வர் ரவி மாம்மனின் ஆர்வத்தால் உருவானது. அந்தப் புதல்வர் இளம் வயதிலேயே காலமானது பெரியவரைத் தாக்கிய பெருந்துயரம். மற்றொன்று ஃபன்ஸ்கூல் என்ற விளையாட்டுப் பொருள் நிறுவனம். அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோவுடன் கூட்டாக அமைந்தது. பிளாஸ்டிக் பொம்மைகளும் விளையாட்டுச் சாமான்களும் அதன் வழியே நம் நாட்டு வீடுகளுக்கு வந்தன. குழந்தைகளுக்குப் பலூன் விற்றுத் தொழிலில் நுழைந்தவரின் நிறுவனம் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் குழந்தைகளிடம் வந்தது என்பதை நாம் ரசித்துக் குறிப்பிடுகின்றோம்.

குடும்ப நிறுவனம் என்றே எம்.ஆர்.எஃப். பேசப்படுகிறது. நிர்வாகம் இன்றும் அவர் வழிவந்தோரிடமே உள்ளது. ஆயினும், பங்குகளில் கால் பங்குக்குச் சற்று மேலானவை மட்டுமே குடும்பத்தாருடையவை, எஞ்சியவை பிறருடையவை. சொந்தக்காரர் என்ற உரிமையைவிட, நடத்துவோர் மீது வைத்த நம்பிக்கையே அக்குடும்பத்தைத் தலைமையில் நிறுத்தியுள்ளது என்று கொள்ளலாம். வங்கியின் வீழ்ச்சியால் நம்பிக்கையை இழந்த ஒரு குடும்பத்திற்கு இது சிறிய செய்தியன்று. நம் ஊர்களில் அண்ணன் தம்பி கூட்டாக நடத்தும் கடைகள் இரண்டாம் தலைமுறையிலேயே பாகப்பிரிவினையில் சிதறுவதைக் கண்டு வருந்துவோர், இதனை எண்ணிப் பார்க்கலாம்.

இந்திய அரசு அன்னாருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்துச் சிறப்பித்தது. 2003ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள், எண்பதாம் வயதில், அவர் சென்னையில் காலமானார். நாரணமங்கலத்து ஆலை எழுந்தது அவருக்குப் பின்னரே. எம்.ஆர்.எஃப். பங்கு ஒன்றின் விலை 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு லட்சம் ரூபாயைக் கடந்தது. இந்தியாவில் வேறெந்தப் பங்கும் அதற்கு முன் அந்த விலையைத் தொட்டதில்லை. சென்னை நகரம் 1996ஆம் ஆண்டிலேயே மெட்ராஸ் என்ற பெயரை விட்டுவிட்டது. நிறுவனம் தன் முதல் எழுத்தை மாற்றவில்லை. திருவொற்றியூரில் ஆலையும் தொடர்ந்து இயங்கி வருகிறது.